மானுக்கு வைத்தியசாலை இல்லை

செந்தூரன்,

கெல்லிவில்லில் அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன ஒரு வசனத்துக்காக நீ என்னோடு கதைப்பதை நிறுத்தியிருக்கிறாய். அப்பாவுக்கு ஃபோன் எடுக்கிறாய். கலியாண மண்டபம், பூ, மேளம் எல்லாவற்றையும் அவரிடம் கேட்கிறாய். "அம்மாட்டக் குடுக்கட்டோ?" என்று அவர் கேட்டால், வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். சரி. நீ கதைக்காவிட்டால் நான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும். மெதுவாகவே வாசி. குறுக்கே பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம். மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்தாயானால் இப்போதே மடித்து வைத்துவிடு. நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்கப்போவதில்லை.

நடந்ததை நடந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உன் ஞாபகத்தில் அது இதற்குள் நான் வேண்டுமென்றே கிளப்பிய சண்டையாக மாறியிருக்கும். நீ கட்டப்போகிற நிவேதாவின் வீட்டில் இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இலை போட்டு, முழுச் சைவச் சாப்பாடு. அவளுடைய அம்மா லலிதா தன் கையாலேயே பரிமாறுகிறார். உனக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பா கோபால் என் பக்கம் திரும்பி, "சம்பந்திம்மா, நீங்க வீக்கெண்டுல ஃபார்முக்குப் போய் மரம் நடுறீங்களாமே? செந்தூர் சொன்னாரு. இந்த வயசுல ரொம்பப் பெரிய விஷயங்க," என்றார். அவர் மனதாரச் சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன். நீ இலையைப் பார்த்தாய். இந்த மரக் கதையை நீ பல மாதமாக அந்த வீட்டில் சொல்லி வந்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"மரம் நடுறேல்லை," என்றேன். "பண்டி சுடப் போறனான். சில நேரம் மானும்."

"சுடறதுன்னா... ஃபோட்டோவா?" என்றார் கோபால்.

"இல்லை. துவக்கால."

"துவக்குன்னா?"

"துப்பாக்கிப்பா," என்று நிவேதா மெல்லச் சொன்னாள்.

லலிதாவின் கையில் இருந்த கரண்டி பாயசத்தோடு அந்தரத்தில் நின்றது. கோபால் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. உன் அப்பாதான், அவர் எந்தக் காலத்திலும் எந்த மௌனத்தையும் தாங்கமாட்டாரே, "இன்னும் ஒரு அப்பளம் கிடைக்குமோ?" என்று கேட்டார். அதோடு சாப்பாடு முடிந்தது. பென்டில் ஹில் வீட்டில் எங்களை இறக்கிவிடும்போது, "அம்மா, யூ குட் ஹாவ் ஜஸ்ட் நொடெட்," என்றாய். தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாமே என்று. மகனே, எனக்குத் தலையாட்டப் பழக்கமில்லை. அது தெரிந்துதானே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாய்?

அடுத்த கிழமை நீ ஃபோனில் சொன்னதையும் எழுதிவைக்கிறேன். ஒருநாள் உனக்கு அது சரியாக ஞாபகம் இருக்க வேண்டும். "கலியாணத்துக்கு முதல் துவக்கை வித்திடுங்கோ. லைசன்ஸைத் திருப்பிக் குடுங்கோ. நாளைக்கு எங்களுக்குப் பிள்ளையள் பிறந்தா, துவக்கு இருக்கிற வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டன்," என்றாய். துவக்கு இரும்புப் பெட்டிக்குள், அதில் போட்டுச் சுடுகிற சன்னம் வேறு பெட்டிக்குள், இரண்டும் சுவரோடு பூட்டி, பொலிஸ் வந்து பார்த்துச் சரி சொன்னது என்றேன். "அது இல்லை அம்மா பொயின்ற்," என்றாய். பிறகு எங்கேயோ வாசித்ததைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாய். "நீங்கள் பாவிக்கிற சன்னம் போரிலகூடத் தடை. உங்களுக்குத் தெரியுமோ? உள்ளுக்குப் போய் விரியிற சன்னம். ஆமிக்காரனே பாவிக்கக் கூடாது. நீங்கள் அதை ஒரு மானுக்கு அடிக்கிறீங்கள். வன்னியில இருந்து வந்த நீங்கள்!"

அதோடு ஃபோனை வைத்துவிட்டாய், பிறகு என்னோடு கதைக்கவே இல்லை. நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். கோபம் வந்தது, ஆனால் ஒரு சந்தோசமும் வந்தது. இத்தனை வருசத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்கான பதில்தான். மற்றதெல்லாம் உன் வெட்கத்தைப் பற்றியது. அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், நான் ஏன் போகிறேன் என்பது. உன்னிடம் ஒரு வசதியான கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் கிடந்த பெண், வளர்ந்து சிட்னிக்கு வந்து, அந்தப் பயத்தை வெல்வதற்காகத் துவக்கைத் தூக்கினாள் என்கிற கதை. கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். நிவேதாவுக்கும் நீ அதைத்தான் சொல்லியிருப்பாய், அவள் உன்னிடம் உண்மையைக் கறந்த பிறகு. அது உண்மையில்லை. இன்னொரு வசதியான கதையும் உண்டு. இந்தப் பன்றியும் மானும் இந்த மண்ணின் மிருகங்கள் அல்ல, கப்பலில் கொண்டுவந்து விட்டவை, பெருகிப்போய் நிலத்தை நாசமாக்குகின்றன, ஆகவே சுடுவது ஊருக்கு நன்மை என்பது. அது உண்மை. ஆனால் அதற்காக நான் போகவில்லை.

என்னோடு வைத்தியசாலையில் வேலை செய்யும் ஜேனட்டை உனக்குத் தெரியும். சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள். ப்ளூ மவுண்டன்ஸ் மலைத்தொடரைத் தாண்டி மேற்கே அவளுடைய குடும்பத்துக்கு ஆட்டுப் பண்ணை இருக்கிறது. ஒரு வசந்தகாலத்தில் சும்மா வந்து இரண்டு நாள் இரு என்று கூட்டிப்போனாள். விடியற்காலையில் வேலியோரம் நடந்தோம். இரவு பன்றிகள் வந்து போயிருந்தன. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஆட்டுக்குட்டிகளில் மிச்சம் கிடந்தவை காலும் தோலும்தான். தாய் ஆடு ஒன்று அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றது. ஜேனட் வீட்டுக்குப் போய்த் துவக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று முழுக்க நான் அவள் பின்னால் நடந்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஈர மண்ணில் கால் அடையாளம் எவ்வளவு பழையது, எதைக் கண்டால் அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்படி ஒரு நாளை நான் அதற்கு முதல் வாழ்ந்ததில்லை. என் முழு மூளையும் முழு உடம்பும் ஒரே இடத்தில் இருந்தன. திரும்பி வந்து உன் அப்பாவிடம் லைசன்ஸ் எடுக்கப்போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், காத்திருந்தேன், எடுத்தேன். எனக்கு அது பிடித்திருக்கிறது, செந்தூரன். காரணம் அவ்வளவுதான். ஐம்பது வயது கடந்த ஒரு தமிழ்ப் பொம்பிளைக்குக் கோயிலையும் பேரப்பிள்ளைகளையும் தவிர வேறொன்று பிடிக்கலாம் என்பதை உன்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

இப்போது சன்னத்துக்கு வருகிறேன். நிவேதாவுக்கு வாசித்துக் காட்டினால், சன்னம் என்றால் துப்பாக்கிக் குண்டு என்று சொல்லிக்கொள். நீ ஒரேயொரு முறை என்னோடு பண்ணைக்கு வந்தாய். யுனிவர்சிட்டி விடுமுறை. அப்பாவுக்கு முதுகுவலி, அதனால் நீ காரோட்டினாய். அன்று நீ பார்த்ததுதான் உனக்குள் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் ஒருநாளும் கதைக்கவில்லை. கதைத்திருக்க வேண்டும்.

ஜேனட்டின் மைத்துனன் டேமியன் அன்று மெல்பேர்னிலிருந்து வந்திருந்தான். நல்ல உடம்பு, நல்ல வாய். வந்ததிலிருந்து அமெரிக்காவில் ஆட்கள் கைத்துப்பாக்கியால் மானும் பன்றியும் வேட்டையாடுகிற வீடியோக்களைப் பற்றியே பேசினான். இங்கே ஏன் அதற்கு அனுமதி இல்லை, இது என்ன நாடு என்றான். நீகூட ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஜேனட் தேநீரைக் கலக்கியபடி சொன்னாள், இங்கே எங்களைப் போன்றவர்கள் கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவது சட்டப்படி குற்றம், அது ஒன்று. இரண்டாவது, குட்டைக் குழலிலிருந்து வருகிற சன்னத்துக்கு வேகம் போதாது. வேகம் இல்லாவிட்டால் விரிகிற சன்னம் விரியாது, அல்லது விரிந்து தோலுக்குக் கீழேயே நின்றுவிடும். அதனால் அங்கே ஒழுங்காகச் செய்கிறவர்கள் பாரமான, கடினமான, தட்டை மூக்குச் சன்னத்தைத் தேர்ந்தெடுத்து, மிருகத்தின் மூச்சுக் கேட்கிற தூரத்துக்குப் போய்ச் சுடுகிறார்கள், அல்லது சுடாமல் திரும்பி வருகிறார்கள். வீடியோவில் திரும்பி வருகிறதைக் காட்டமாட்டார்கள், என்றாள். டேமியன் தோளைக் குலுக்கினான்.

பின்னேரம் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆண் பன்றி வந்தது. டேமியனுக்குத்தான் வாய்ப்பு. அவனுடைய துவக்கு நல்லது, குறியும் மோசமில்லை. நெஞ்சுப் பக்கமாகவே பட்டது. பன்றி விழவில்லை. ஒரு கனைப்போடு திரும்பி நாணல் பற்றைக்குள் ஓடிவிட்டது. ஜேனட் அவனுடைய தோட்டாப் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். முழுவதும் செம்பால் மூடிய, கூர் மூக்குச் சன்னம். அட்டையில் துளைபோட்டுப் பழகுவதற்கான மலிவான சாமான். அது எங்கேயும் விரியாது. துணியில் ஊசி போவதுபோல ஒரு பக்கத்தால் போய் மறு பக்கத்தால் வெளியே வந்துவிடும். உள்ளே சின்னக் காயம், வெளியே சின்னத் துளை, இரத்தம்கூட ஒழுங்காக வடியாது. மிருகம் ஓடும். எங்கேயோ போய்ப் படுத்து, மெல்ல மெல்லச் சாகும்.

பொழுது சாயுமட்டும் தேடினோம். நீயும் தேடினாய். நாணலுக்குள் அது கிடந்ததை முதலில் கண்டது நீதான். எழும்ப முயன்றது, முடியவில்லை, வாயில் நுரை, மூச்சு இழுக்கிற சத்தம் ஒரு வயதான மனிதருடையதைப்போல. உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "அம்மா, டூ சம்திங்," என்று கத்தினாய். நான் செய்தேன். ஒரு வெடி. அதோடு அது அடங்கியது. நீ ட்ரக்குக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து சத்தியெடுத்தாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரோட்டை மட்டும் பார்த்துக் காரோட்டினாய். அதற்குப் பிறகு அப்பா சமைக்கிற மான் பிரட்டலை நீ தொடவில்லை.

நீ அன்று பார்த்தது வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பார்த்தது பிழையான சன்னம். அந்தப் பன்றியின் வேதனைக்குக் காரணம் துவக்கு இல்லை. எந்த மிருகத்துக்கு எந்தச் சன்னம் என்று யோசிக்கச் சோம்பல்பட்ட ஒரு மனிதன். நீ கத்திக் கேட்டபோது நான் அடித்தது எது தெரியுமா? உள்ளே போய் விரிகிற சன்னம். நீ ஃபோனில் என் முகத்தில் வீசியடித்த அதே சன்னம்.

ஆகவே நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்று கேள். மானுக்குத் தோல் மெல்லியது, விலாவுக்குள் புகுவது சுலபம். அதற்கு மூக்கில் செம்பு மூடாத, தொட்டவுடன் விரியத் தொடங்குகிற சன்னம் வேண்டும். நெஞ்சுக்கூட்டுக்குள் அது விரிந்தால் இரத்தம் ஒரேயடியாக வடிந்துவிடும், மான் கொஞ்சத் தூரம் ஓடும், அல்லது ஓடாது. பன்றி வேறு. ஆண் பன்றியின் தோளில் கேடயம்போல ஒரு தடித்த தோல்படை இருக்கிறது, ஒன்றோடொன்று சண்டைபிடித்து இறுகியது. மானுக்கான மென்சன்னம் அதில் பட்டு நொறுங்கினால் மேல்காயம்தான் மிஞ்சும். நரிக்கும் முயலுக்கும் செய்த மெல்லிய சன்னத்தைப் பன்றிக்கு அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் டேமியனும் ஒன்றுதான், அவன் அளவுக்கு மிஞ்சிக் கடினம், இவர்கள் அளவுக்கு மிஞ்சி மென்மை. பன்றிக்குப் பாரமான சன்னம் வேண்டும், விரிய வேண்டும், ஆனால் உடையாமல் ஒரே துண்டாக உள்ளே போக வேண்டும். ஈயமும் செம்பும் பிரியாமல் ஒட்டியது, அல்லது விரியும்படி மூக்கில் குழிவிட்டு முழுச் செம்பிலேயே செய்தது. இப்போது சாப்பிடுகிற மானுக்கும் நான் முழுச் செம்புதான் எடுக்கிறேன், ஈயத் துகள் அப்பாவின் சட்டிக்குள் போகக் கூடாது என்பதற்காக. செம்பு விரிய வேகம் வேண்டும், அதனால் தூரத்துக்கு அடிக்கமாட்டேன். கிட்டப்போக முடியாவிட்டால் விட்டுவிடுவேன். விட்டுவிட்டு வந்த நாட்கள்தான் அதிகம். மாதக்கணக்காக இதை வாசித்து, அட்டையில் அடித்துப் பார்த்து, என் துவக்குக்கு எது ஒத்துவருகிறது என்று கண்டுபிடித்தேன். நீ உன்னுடைய கார் வாங்குவதற்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை.

இனி உன் கேள்வி. போரில் தடை செய்த சன்னம். ஓம், அது உண்மை. உன் மாமாவை நினைத்துப் பார், டொரொண்டோவில் இருக்கிற என் தம்பி. இடது காலை இழுத்து நடக்கிறாரே, ஏன் என்று உனக்குத் தெரியும். ஒரு சன்னம் தொடையின் ஒரு பக்கத்தால் போய் மறு பக்கத்தால் வெளியேறியது. ஆமிக்காரனின் கடினச் சன்னம், விரியாதது. அவரை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நானும் பக்கத்தில் ஓடினேன். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வைத்தியர் ஒருவர் இருந்தார். மருந்து குறைவு, ஆனால் இருந்தது. தையல் போட்டார்கள். மாமா இன்றைக்கும் உயிரோடு இருந்து உனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார் என்றால், அந்தச் சன்னம் விரியாததால்தான். மனிதனுக்கு அடிக்கிற சன்னம் விரியக் கூடாது என்று சட்டம் வைத்தவர்களை நான் கும்பிடுகிறேன். ஏனென்றால் மனிதனுக்குப் பின்னால் பலகை பிடிக்க இரண்டு பேர் இருப்பார்கள், எங்கேயோ ஒரு வைத்தியர் இருப்பார், பிழைக்க ஒரு வழி இருக்கும்.

மானுக்கு வைத்தியசாலை இல்லை. பலகை கொண்டு வர யாரும் இல்லை. விரியாத சன்னம் மனிதனுக்குக் காட்டுகிற அதே இரக்கம், மானுக்குக் கொடுமை. நாணலுக்குள் நீ கண்டாயே, அதுதான். ஒரு மிருகத்தைச் சுடுவது என்று தீர்மானித்துவிட்டால், அது பிழைக்குமோ என்கிற யோசனைக்கே இடமில்லாமல் சுட வேண்டும். சுடாமல் விடு, அல்லது முடித்துவிடு. நடுவில் விட்டுவிட்டு வருவதுதான் பாவம். வன்னியிலிருந்து வந்த நான் இதைச் செய்யலாமா என்று கேட்டாய். வன்னியிலிருந்து வந்தபடியால்தான் ஒரு சன்னம் உடம்புக்குள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் நான் இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிறேன். அந்த இடத்தைச் சொல்லி என்னை வாயடைக்க வைக்கலாம் என்று இனி நினைக்காதே. அது என்னுடையது. உன்னுடையதல்ல.

உனக்குத் தெரியாத ஒன்றும் நடந்தது. போன வியாழக்கிழமை லலிதா இங்கே வந்தார். பென்டில் ஹில் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்ததாகச் சொன்னார். கெல்லிவில்லில் கறிவேப்பிலை கிடைக்காதா என்ன? கதிரையின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்தார். கொஞ்ச நேரம் மண்டப அலங்காரத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு நேரே பார்த்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"அந்த மானுக்கு வலிக்குமா?"

நான் எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வந்தேன். ஒரு மானின் உடம்பிலிருந்து அப்பா கறி வெட்டும்போது கிடைத்த சன்னம், அடித்து முடிந்த வெறும் உலோகம். மூக்கு நான்கு இதழாக விரிந்து பின்னால் மடிந்திருக்கும். அதை ஒரு தட்டில் வைத்து அவருக்கு முன்னால் வைத்தேன். தொடமாட்டார் என்று நினைத்தேன். எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"பூ மாதிரி இருக்கு," என்றார். சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, திருப்பித் தட்டில் வைத்தார்.

"வலிக்கும்," என்றேன். "வலிக்காது எண்டு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டன். எவ்வளவு நேரம் எண்டதுதான் என்ர கையில இருக்கு. அதைக் குறைக்கத்தான் இது."

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "எனக்குப் பிடிக்கலை," என்றார். "எத்தனை சொன்னாலும் எனக்கு இது பிடிக்காது."

"பிடிக்கத் தேவையில்லை."

"எங்க வீட்டுப் பாத்திரத்துல அந்தக் கறி படக் கூடாது."

"படாது. நிவேதாவுக்கு இங்க வேற சட்டி, வேற அகப்பை. நானே வாங்கி வைக்கிறன்."

"கல்யாணத்துக்கு அப்புறமும் போவீங்களா?"

"ஓம்."

"செந்தூர் நிறுத்திடுவீங்கன்னு சொன்னாரே?"

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான். நான் சொல்லேல்லை."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நீங்க அன்னைக்குச் சொன்னப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன். நாளைக்கு என் பொண்ணுக்கு இந்த வீட்ல ஏதாவது ஒண்ணுன்னா, இந்தம்மா எங்கிட்ட மறைக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. அது போதும் எனக்கு." கறிவேப்பிலை வாங்காமலே போய்விட்டார். அப்பா பின்னால் ஓடிப்போய் எங்கள் மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார்.

கவனித்தாயா? அவர் வாழ்நாளில் ஒரு முட்டைகூடத் தொடாதவர். அவர் என்னிடம் தன் மனதில் உள்ளதைக் கேட்டார், தன் வீட்டுக்கு வேண்டியதைக் கேட்டார். என்னை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னது நீ ஒருவன்தான், அதுவும் அவர்கள் பெயரைச் சொல்லி. உன் வெட்கத்துக்கு லலிதாவின் சைவத்தைப் போர்வையாகப் போடாதே. உனக்கே பிடிக்கவில்லை என்றால், "எனக்குப் பிடிக்கவில்லை அம்மா" என்று நேரே சொல். நான் கேட்பேன். ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆனால் கேட்பேன். பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்றால் அதுவும் உன் உரிமை. நான் அழுவேன், கெஞ்சமாட்டேன். நான் உங்கள் வீட்டுக்கு வந்து அவர்களைப் பார்ப்பேன். நீ கதவைத் திறக்காவிட்டால் நிவேதா திறப்பாள்.

கலியாணத்தன்று நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்னால் நிற்பேன். உன் கழுத்தில் மாலை போடும்போது சந்தோசத்தில் அழுவேன், அதையும் உனக்கு வெட்கமாக இருக்குமளவுக்குச் சத்தமாக. மண்டபத்தில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். நீ யாரிடமும் எனக்காகக் கதை கட்ட வேண்டாம். அந்த வேலையிலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதையே என் கலியாணப் பரிசாக வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது நிவேதா ஃபோன் எடுத்தாள். "ஆன்ட்டி, வர்ற சனிக்கிழமை நீங்க ஃபார்முக்குப் போறீங்கதானே? நானும் வர்றேன்," என்றாள். நான் திகைத்துப்போனேன். சுடவா என்று கேட்டேன். "ஐயோ, இல்லை. கறியும் சாப்பிட மாட்டேன். பாக்கணும். பாக்காமலே ஆளாளுக்கு ஒரு முடிவு எடுத்துட்டு இருக்காங்க, எனக்கு அது சரியாப் படலை," என்றாள். செந்தூரனுக்குத் தெரியுமோ என்று கேட்டேன். "நான் சொல்லிக்கிறேன், நீங்களும் சொல்லுங்க," என்றாள். ஆகவே சொல்கிறேன். விடியமுதல் புறப்படுகிறோம். அவளுக்குச் சைவச் சாப்பாடு அப்பா கட்டித் தருவார். குளிருக்கு என் தடித்த ஜாக்கெட் இருக்கிறது. அவள் ஜேனட்டோடும் என்னோடும் நடப்பாள், பார்ப்பாள், பிறகு தன் மனதில் பட்டதைச் சொல்வாள். அது எனக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம், நான் கேட்டுக்கொள்வேன்.

காரில் பின் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. நீயும் வரலாம். வராவிட்டாலும் நாங்கள் போவோம்.

அம்மா